ஐந்து கணிப்பு முறைகளும் ஒரு குரங்கும்: ஃபேன்டசி பேஸ்பாலுக்கு எதை நம்பலாம்?

சரவணம்பட்டியில் நான் பணிபுரியும் மென்பொருள் அலுவலகத்துக்குச் சிகாகோவில் ஒரு கிளை உண்டு. அங்குள்ளவர்கள் நடத்தும் ஃபேன்டசி பேஸ்பால் குழுவில் கோவையிலிருந்து நாங்கள் மூவர் 2021 முதல் ஆடி வருகிறோம். உண்மையான பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் பருவம் முழுவதும் களத்தில் சேர்க்கும் எண்களை வைத்துப் போட்டியிடும் ஆட்டம் இது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர்கள் ஏலத்தைத் தொடங்கும்போது இங்கே திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை. பால்காரர் வந்து போவதற்குள் பெரிய பெயர்கள் எல்லாம் விலைபோய்விடும். ஆளுக்கு 260 கற்பனை டாலர், நிரப்ப வேண்டிய இடங்கள் 23, மட்டையாட்டத்தில் ஐந்து பிரிவுகள், பந்துவீச்சில் ஐந்து பிரிவுகள். நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் 1980இல் தொடங்கிய ரோட்டிசெரி ஆட்டத்தின் வழிவந்த விதிகள் இவை. உண்மைப் பணம் எதுவும் வைப்பதில்லை. கோவைக்காரர் மூவரில் கடைசியாக வருபவர் மற்ற இருவருக்கும் சிற்றுண்டி வாங்கித் தர வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. நான் இரண்டு முறை வாங்கித் தந்திருக்கிறேன்.

ஏலத்தில் உட்காருவதற்கு முன் ஒவ்வோர் ஆட்டக்காரரும் வரும் பருவத்தில் எத்தனை ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே போகும் அடி) அடிப்பார், எத்தனை பேஸ் திருடுவார் (பந்து அடிபடாமலே அடுத்த நிலைக்கு ஓடிவிடுவார்), பந்து வீசுபவரானால் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்வார் (அடிக்க விடாமலே வெளியேற்றுவார்) என்று ஓர் எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தருவதற்கென்றே உள்ளவை கணிப்பு முறைகள். பெகோட்டா, ஜிப்ஸ், ஸ்டீமர், தி பேட் எக்ஸ், ஏடிசி ஆகிய ஐந்தையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். பெகோட்டாவுக்குச் சந்தா கட்ட வேண்டும். மற்ற நான்கையும் ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இவற்றில் எது துல்லியமானது என்று கேட்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன், ஒரு குரங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதன் பெயர் மார்சல். டாம் டேங்கோ என்ற புள்ளியியல் ஆய்வாளர், ஒரு குரங்குகூடப் போட்டுவிடக்கூடிய அளவுக்கு எளிய கணக்கு என்று சொல்லி, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த குரங்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். மட்டையாளரின் கடந்த மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, மிக அண்மைய ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுக்க வேண்டும். பிறகு எல்லா ஆட்டக்காரர்களின் சராசரியில் 1,200 மட்டை வாய்ப்புகளை அதனோடு கலந்து, எவரையும் சராசரியை நோக்கிச் சற்று இழுத்துவிட வேண்டும். வயது 29க்கு மேல் போனால் ஆண்டுக்கு நூற்றுக்கு 0.3 குறைக்கவும், கீழே இருந்தால் 0.6 கூட்டவும் வேண்டும். எத்தனை முறை மட்டை பிடிப்பார் என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு: சென்ற ஆண்டின் வாய்ப்புகளில் பாதி, அதற்கு முந்தைய ஆண்டில் பத்தில் ஒரு பங்கு, அவற்றோடு 200. முதன்மைப் பிரிவில் ஆடியே இராத புதியவருக்கு மார்சல் சராசரியையே தந்துவிடும். ஆடுகளத்தின் அளவு, பந்தின் வேகம், காயத்தின் வரலாறு எதுவும் அதற்குத் தெரியாது.

இந்தக் கணக்கை நியூயார்க் யாங்கீஸ் அணியின் மட்டையாளர் ஆரன் ஜட்ஜின் 2022ஆம் ஆண்டுக்கு நானே கையால் போட்டுப் பார்த்தேன். அவர் 2019இல் 447 வாய்ப்புகளில் 27 ஹோம் ரன், கொரோனாவால் 60 ஆட்டமாகச் சுருங்கிய 2020இல் 114 வாய்ப்புகளில் 9, 2021இல் 633 வாய்ப்புகளில் 39 அடித்திருந்தார். எடை போட்டுக் கூட்டினால் 4,962 வாய்ப்புகளுக்கு 312 ஹோம் ரன் வருகிறது. நூறு வாய்ப்புக்கு மூன்றரைக்குச் சற்றுக் குறைவாக இருந்த அன்றைய பொதுச் சராசரியில் 1,200 வாய்ப்புகளைக் கலந்தால், ஜட்ஜின் வீதம் நூற்றுக்கு 5.7 என்று நிற்கிறது. வாய்ப்பாட்டின்படி அவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்புகள் 528. ஆகவே மார்சல் சொல்லும் எண் 30. அந்த ஆண்டு ஜட்ஜ் அடித்தது 62, முதன்மைப் பிரிவின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் புதிய சாதனை.

பிழை 32 என்று எழுதிவிட்டு நகர்ந்தால் இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பிழையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜட்ஜுக்கு அந்தப் பருவத்தில் உண்மையில் கிடைத்த வாய்ப்புகள் 696. மார்சலின் வீதத்தையே வைத்துக்கொண்டு வாய்ப்பை மட்டும் 696 ஆக்கினால் கணிப்பு 40 ஆக உயர்கிறது. அதாவது 32இல் ஏறத்தாழ 10, அவர் எத்தனை நாள் ஆடுவார் என்பதைத் தவறாகச் சொன்னதால் வந்தது; மிச்சம் 22தான் அவர் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பதைத் தவறாகச் சொன்னதால் வந்தது. வரலாற்றுச் சாதனை படைத்த ஓர் ஆண்டிலேயே பிழையில் மூன்றில் ஒரு பங்கு ஆட்ட நாள் கணக்கில் இருக்கிறது என்றால், சாதாரண ஆட்டக்காரரின் சாதாரண ஆண்டில் அந்தப் பங்கு இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். கணிப்பு முறைகளை ஒப்பிடுபவர்களில் பெரும்பாலோர் வீதத்தை மட்டும் சோதித்துவிட்டு வெற்றியாளரை அறிவிப்பதால், ஏலம் எடுப்பவரைக் கவிழ்க்கும் பகுதி சோதனைக்கே வராமல் போகிறது.

என் முதல் ஆண்டில் அப்படித்தான் கவிழ்ந்தேன். 2021 ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து மைக் ட்ரவுட்டை எடுத்தேன். அவர் நன்றாக அடிப்பார் என்று எல்லா முறைகளும் சொல்லின, அவரும் அப்படியே .333 சராசரியில், அதாவது மூன்று முறைக்கு ஒரு முறை ஹிட் (பத்திரமாக பேஸ் சேர்க்கும் அடி) கிடைக்கும்படி, அடித்தார். ஆனால் மே மாதத்தில் கெண்டைக்கால் தசை பிசகி, 36 ஆட்டங்களோடு பருவத்தை முடித்துக்கொண்டார். இதில் வேடிக்கை, பருவம் முடிந்து அக்டோபரில் துல்லியத்தைச் சோதிப்பவர்கள் வழக்கமாகக் குறைந்தது 300 அல்லது 400 வாய்ப்பு பெற்றவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதால், 146 வாய்ப்போடு நின்ற ட்ரவுட் அந்த அட்டவணையிலேயே இருக்க மாட்டார் என்பதுதான். என் அணியைக் கடைசி இடத்துக்கு அனுப்பிய கணிப்பு எவருடைய மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை. தேர்வுக்கு வராத மாணவர்களைக் கணக்கில் சேர்க்காமல் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று விளம்பரத் தட்டி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

வீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு தரை இருக்கிறது. அதற்குக் கீழே எந்த முறையாலும் இறங்க முடியாது. ஒருவரின் உண்மையான திறன் .270 என்பது கடவுளுக்கே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 550 முறை அடித்தால், தற்செயலால் மட்டும் அவருடைய சராசரியின் திட்ட விலக்கம் ஏறத்தாழ .019 ஆகும். அதாவது கடவுளே கணித்தாலும் மூவரில் ஒருவர் .251க்குக் கீழேயோ .289க்கு மேலேயோ போய்விடுவார். இந்தத் தற்செயலோடு ஒப்பிட்டால் நல்ல முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பல ஆண்டு ஒப்பீடுகளில் குரங்கின் கணக்கு மற்ற முறைகளுக்கு வெகு பின்னால் விழாமல் நின்றதற்குக் காரணமும் இதுவே. ஆகையால் ஒரே ஒரு பருவத்தின் அட்டவணையை நீட்டி, இந்த முறைதான் சிறந்தது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

இன்னொரு பொறி, பொதுமட்டம் உயர்வதும் தாழ்வதும். 2023இல் பந்து வீசுவதற்கு நேர வரம்பு வைக்கும் பந்துவீச்சுக் கடிகாரம் வந்தது, பேஸில் நிற்பவரைத் தடுக்க பிட்சர் (பந்துவீச்சாளர்) அந்த பேஸை நோக்கி எறிவதற்குக் கட்டுப்பாடு வந்தது, பேஸ்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. விளைவாக, 2022இல் 2,486 ஆக இருந்த திருட்டுகள் 2023இல் 3,503 ஆயின. ரொனால்ட் அக்குன்யா ஒருவரே 73 திருடினார். பழைய ஆண்டுகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் எந்த முறையும் அந்த ஆண்டில் ஒட்டுமொத்தமாகக் குறைத்துச் சொல்லியிருக்கும்; நேரடியாகப் பிழையை அளந்தால் அது தோற்றுப்போனதாகத் தெரியும். ஆனால் ஏலத்தில் எனக்கு வேண்டியது ஒருவர் மற்றவரைவிட எவ்வளவு கூடுதலாகத் திருடுவார் என்பதுதான். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சொன்ன முறையால் எனக்கு ஒரு காசும் நட்டமில்லை. எனவே ஒவ்வொரு முறையின் எண்களிலிருந்தும் அதனதன் சராசரியைக் கழித்துவிட்டு, எஞ்சும் ஏற்றத்தாழ்வுகளைத்தான் உண்மையான ஏற்றத்தாழ்வுகளோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீடு எதையாவது படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கழித்தலைச் செய்திருக்கிறார்களா என்பதையே.

இனி ஐந்து முறைகளையும் எடுத்துக்கொள்வோம்.

பெகோட்டா 2003இல் பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. உருவாக்கியவர் நேட் சில்வர். பின்னாளில் அமெரிக்கத் தேர்தல் கணிப்புகளால் உலகப் புகழ் பெற்றவர். பில் பெகோட்டா என்ற, வாழ்நாள் சராசரி .249 மட்டுமே கொண்ட ஆட்டக்காரரின் பெயரை அதற்கு வைத்தார்கள் என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, கடந்த காலத்தில் அதே வயதில், அதே உடல்வாகில், அதே போக்கில் ஆடியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளைக்கு விலை சொல்பவர் பல்லைப் பார்த்து, திமிலைப் பார்த்து, சுழியைப் பார்த்து, இதே வார்ப்பில் முன்பு கைமாறிய மாடுகளை மனத்தில் ஓட்டிப் பார்ப்பாரே, அதையே ஆயிரக்கணக்கான பெயர்களோடு கணினி செய்கிறது. பெகோட்டாவின் உண்மையான மதிப்பு, அது ஒற்றை எண்ணோடு நிற்காமல், எல்லாம் கைகூடினால் எவ்வளவு, எல்லாம் கெட்டுப்போனால் எவ்வளவு என்று வீச்சையும் சேர்த்துத் தருவதில் இருக்கிறது. ஒரு டாலர், இரண்டு டாலருக்கு எடுக்கும் கடைசி ஆட்டக்காரர்களில் நடுவெண்ணைவிட மேலெல்லைதான் முக்கியம் என்பதால், அந்த இடத்தில் அது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. அதற்காக மட்டும் சந்தா கட்டலாமா என்று கேட்டால், நான் இரண்டு ஆண்டுகள் கட்டிவிட்டு நிறுத்திவிட்டேன்.

ஜிப்ஸ் டான் சிம்போர்ஸ்கியின் படைப்பு. நடுவயது மட்டையாளர்களுக்கு நான்கு ஆண்டுகளின் தரவை எடை போட்டு எடுத்துக்கொள்வது, வயது ஏற ஏற வரும் தேய்மானத்தை ஆட்டக்காரரின் வகைக்கேற்பக் கணிப்பது ஆகியவை அதன் பலம். இதைப் பற்றிக் குறைகூறுபவர்களில் பலர் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. இவர் இந்த ஆண்டு எத்தனை நாள் ஆடுவார் என்பதை ஜிப்ஸ் சொல்ல முயல்வதே இல்லை. ஆடினால் எப்படி ஆடுவார் என்பதைத்தான் சொல்கிறது. இதைப் படைத்தவர் பலமுறை எழுதியும் இருக்கிறார். கீழ்ப்பிரிவில் இருக்கும் இளைஞருக்கு நேராக ஐந்நூறு வாய்ப்பு அச்சாகியிருப்பதைப் பார்த்து, அவர் ஏப்ரலிலேயே மேலே வந்துவிடுவார் என்று நம்பி எடுத்தால், தவறு எடுத்தவருடையதே. எங்கள் கோபிச்செட்டிபாளையத்து நண்பர் ஒரு முறை அப்படி இருவரை எடுத்துவிட்டு, ஜூலை வரைக்கும் இரண்டு இடங்களைத் தரிசாகப் போட்டு வைத்திருந்தார்.

ஸ்டீமரின் கதை எனக்குப் பிடித்தமானது. புரூக்ளினில் ஒரு பள்ளி ஆசிரியரான ஜேரட் கிராஸ், தம் மாணவர்கள் இருவரோடு சேர்ந்து அதை உருவாக்கினார். எலும்புக்கூட்டைப் பார்த்தால் மார்சலின் உறவுதான். ஆனால் எந்தத் திறனை எவ்வளவு சராசரியை நோக்கி இழுப்பது என்பதைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரைக் அவுட் வீதம் சில வாரங்களிலேயே ஆளின் உண்மையைச் சொல்லிவிடும். மட்டைச் சராசரிக்கு ஆண்டுகள் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் இழுப்பது குரங்கின் பிழை. பிட்சர்களுக்குப் பந்தின் வேகத்தையும் ஸ்டீமர் கணக்கில் எடுப்பதால், வேகம் குறையத் தொடங்கிய மூத்த பந்துவீச்சாளர்களைப் பற்றி அது முன்கூட்டியே எச்சரிக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஒற்றை முறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

டெரக் கார்ட்டியின் தி பேட் எக்ஸ், 2015 முதல் எல்லா மைதானங்களிலும் இயங்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகளின் அளவீடுகளை மட்டையாளர் கணிப்புக்குள் கொண்டுவருகிறது. பந்து எங்கே விழுந்தது என்பதைவிட, எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் மட்டையை விட்டுக் கிளம்பியது என்பதை அது பார்க்கிறது. ஓங்கி அடித்தும் ஃபீல்டர் கையிலேயே போய் விழுந்த ஆண்டு ஒன்று ஒருவருக்கு அமைந்திருந்தால், மற்ற முறைகள் அவரைக் கீழே தள்ளும். இது அவ்வளவாகத் தள்ளாது. 2010இல் டொரன்டோவின் ஹோசே பட்டீஸ்டா, அதுவரை ஒரு பருவத்தில் 16க்கு மேல் அடித்திராதவர், திடீரென்று 54 ஹோம் ரன் அடித்தார். மட்டை வீசும் விதத்தை முந்தைய ஆண்டின் கடைசியில் அவர் மாற்றிக்கொண்டதை எண்களை மட்டும் பார்த்த எந்த முறையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைய கருவிகள் அன்று இருந்திருந்தால் 54 என்று சொல்லியிருக்குமா என்றால், நிச்சயமாகச் சொல்லியிருக்காது. முந்தைய ஆண்டில் 13 அடித்தவரை அதே இடத்தில் வைக்காமல் சற்று மேலே தூக்கி வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஏடிசியை உருவாக்கிய ஏரியல் கோஹன் காப்பீட்டுக் கணக்கியலாளர். அவருடைய முறை தனியாக எதையும் கணிப்பதில்லை. மற்ற முறைகளின் எண்களை எடுத்து, எந்தப் பிரிவில் எது கடந்த காலத்தில் நன்றாகச் சொன்னதோ அதற்குக் கூடுதல் எடை கொடுத்துக் கலக்கிறது. ஊரார் சமையலை எல்லாம் ஒரு பாத்திரத்தில் கொட்டியது போல என்று நான் முதலில் ஏளனமாக நினைத்தது உண்மை. பிறகுதான் கணிதம் புரிந்தது. பல கணிப்புகளின் சராசரியிலுள்ள வர்க்கப் பிழை (பிழையை அதனாலேயே பெருக்கியது), அந்தக் கணிப்புகளின் வர்க்கப் பிழைகளுடைய சராசரியைவிட ஒருபோதும் கூடாது. அவை ஒன்றுக்கொன்று வேறுபடும் அளவுக்கு நிச்சயம் குறையும். எனவே ஏடிசி எந்த ஆண்டிலும் முதலிடத்தில் வராவிட்டால்கூடக் கடைசி இடத்துக்குப் போவது மிக அரிது. அடுத்த மார்ச்சில் எந்த முறை வெல்லும் என்று தெரியாதவனுக்கு, அதாவது எனக்கு, இந்தக் குணம் போதும். துல்லியம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் என் முதல் மதிப்பெண் ஏடிசிக்கே.

ஆனால் துல்லியமும் ஆதாயமும் ஒன்றல்ல என்பதை எனக்குச் சொன்னவர், குழுவில் மூன்றாமவரான ஈரோட்டு நண்பர். அவர் குடும்பம் மஞ்சள் மண்டி வைத்திருப்பது. விரலிக்கும் கிழங்குக்கும் சிறுவயதிலிருந்தே விலை கேட்டு வளர்ந்தவர். நான் ஏடிசியின் எண்களை அப்படியே டாலராக மாற்றி ஏலத்தில் உட்கார்ந்து, எவரையும் மலிவாக எடுக்க முடியாமல் திணறியதைப் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் தெரிஞ்ச வெலையில லாபம் எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார். சிகாகோக்காரர்களில் பாதிப் பேர் கையில் அதே ஏடிசிதான் இருந்தது. எல்லோரும் பயன்படுத்தும் கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது ஏற்கெனவே விலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதன் பிறகு நான் ஏடிசியைச் சந்தை விலையாக மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டீமரும் தி பேட் எக்ஸும் அதிலிருந்து ஒரே திசையில் விலகி நிற்கும் பெயர்களைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். அப்படிப்பட்ட பெயர்கள் ஆண்டுக்கு இருபது தேறும். அவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுவார்கள். மீதிப் பேர் விலைக்கு மேல் கொடுத்துவிடுவார்கள்.

ஆட்ட நாள் கணக்குக்கு எந்தச் சூத்திரத்தையும் நான் நம்புவதில்லை. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் டெப்த் சார்ட்ஸ் என்ற பகுதி உண்டு. வீதத்தை ஸ்டீமரும் ஜிப்ஸும் தர, முப்பது அணிகளிலும் யார் எத்தனை வாய்ப்பு பெறுவார்கள் என்பதை மனிதர்களே செய்தி படித்து நிரப்புகிறார்கள். ஓர் அணிக்குள் ஓர் இடத்துக்கு இருக்கும் வாய்ப்புகள் இவ்வளவுதான் என்ற வரம்புக்குள் பங்கிடுவதால், ஒரே இடத்துக்கு மூவருக்கும் முழு வேலை கொடுக்கும் அபத்தம் அங்கே நேராது. வாய்ப்பை அங்கிருந்தும் வீதத்தை மேற்சொன்னவற்றிலிருந்தும் எடுத்துப் பெருக்கிக்கொள்வதே என் இன்றைய வழக்கம்.

பிட்சர்களைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகள் ஹிட் ஆவதும் ஆகாததும் பெரும்பாலும் பிட்சரின் கட்டுப்பாட்டில் இல்லை என்று வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதிய நாளிலிருந்து, கணிப்பு முறைகள் பெரும்பாலும் ஸ்ட்ரைக் அவுட், வாக் (தவறான பந்துகளால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), ஹோம் ரன் ஆகிய மூன்றின் மேல்தான் நிற்கின்றன. ஸ்ட்ரைக் அவுட் எண்களை எந்த முறையிலிருந்து எடுத்தாலும் தவறில்லை. பிட்சரின் பெயரில் எழுதப்படும் வெற்றிகளின் எண்ணிக்கை, தன் அணி அடிக்கும் ரன்களையும் மாற்றுப் பந்துவீச்சாளர்களையும் சார்ந்தது என்பதால், அங்கே எல்லா முறைகளும் ஒரே மாதிரி தடுமாறுகின்றன. முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்குக் கிடைக்கும் சேவ்களோ, மேலாளர் கடைசியான ஒன்பதாம் இன்னிங்சில் யாரை அழைக்கிறார் என்பதைப் பொறுத்தவை. அந்தப் பட்டியலை மட்டும் ஏலத்துக்கு முந்தைய சனிக்கிழமை இரவில் உட்கார்ந்து, அணி அணியாகச் செய்தி படித்து, நானே பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.